மணி ஒருமுறைதான் அடித்தது

"டீச்சர், மிஷின் என்னை ஏமாத்திடுச்சு."

செருப்பைக் கழற்றும்போதே தணிகாசலம் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம் இல்லை. நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை இல்லை.

ஷமீமா டீச்சர் மடியில் முறத்தை வைத்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கண்ணே. அப்படி என்ன செஞ்சுது?"

அண்ணனுக்கு ஐம்பத்து நாலு வயது. டீச்சருக்கு முப்பத்தொன்று. சீடருக்குத் தலை நரைத்திருக்கிறது, குருவுக்கு நரைக்கவில்லை. ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு வேறு என்ன வேலை? அந்த மலையில் கம்ப்யூட்டரை அடிவயிறு வரைக்கும் தெரிந்தவர் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த இந்த ஷமீமா மட்டும்தான்.

தணிகாசலம் அதற்கு முன் எஸ்டேட் வயர்லெஸ் ரிப்பேர் பார்த்தவர். நாற்பத்தைந்து தாண்டி புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். ஞாயிறு தவறாமல் நோட்டுப் புத்தகத்தோடு இந்தப் படியேறினார். இன்றைக்கு ஒரு டிரஸ்ட் நடத்தும் ஆம்புலன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை மொத்தமும் அவர் தலையில்.

நல்ல மனுஷன். வேலைக்கு அஞ்சமாட்டார். தப்பை ஒத்துக்கொள்ளத்தான் வராது. யாருக்குத்தான் வருகிறது?

சட்டைப் பையிலிருந்து மடித்த பேப்பரை எடுத்து நீட்டினார்.

"வியாழக்கிழமை கமிட்டி உட்காருது. ‘சிக்னல் தொலைந்துவிட்டது’ன்னு ரிப்போர்ட் எழுதியிருக்கேன். நீங்க படிச்சுட்டு, ஆமா இப்படி ஆகும்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா போதும். நீங்க சொன்னா கமிட்டி கேட்கும்."

டீச்சர் பேப்பரைப் படித்தார். இரண்டு பக்கம். திருப்பியும் பார்த்தார்.

"யாருக்கு என்ன ஆச்சுன்னு இதுல இல்லையே."

"அது டெக்னிக்கல் ரிப்போர்ட், டீச்சர்."

"சரி. யாருக்கு என்ன ஆச்சு?"

தணிகாசலம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குளிர்காலம், வியர்க்கிற ஊரும் இல்லை.

"ஒரு அம்மா தவறிட்டாங்க."

அப்போது கீழே காலிங் பெல் அடித்தது. டீச்சர் வீடு சரிவில் இருக்கிறது. பதினாறு படி இறங்கினால்தான் தெருக்கதவு.

"அண்ணே, மடியில முறம் இருக்கு. கொஞ்சம் யாருன்னு பார்த்துட்டு வாங்களேன்."

போனார். தண்ணீர் கேன்காரர். கேனை வாங்கி உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். மூச்சு வாங்க மேலே வந்தார்.

"கேன் வந்துச்சு."

"உட்காருங்க. உங்க புரோகிராம் எப்படி வேலை செய்யுது? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நினைச்சுச் சொல்லுங்க."

இது அவருக்குப் பிடித்த கேள்வி. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஆம்புலன்ஸ் கேட்டு ஒரு கால் வருது. உதவி கிளம்புதுன்னு அவங்களுக்கு ஒரு மெசேஜ் தானா போயிடும். உடனே தாய் புரோகிராம் ஒரு பிள்ளையைப் பெத்துவிடும். அந்தக் காலுக்கு வண்டி தேடறது மட்டும்தான் அந்தப் பிள்ளையோட ஆயுசு வேலை. தேடி முடிச்சதும் செத்துடும்."

"சும்மா செத்துடுமா?"

"ஒரு நம்பரை விட்டுட்டுச் சாகும். பூஜ்யம்னா வண்டி கிளம்பிடுச்சு. ஒண்ணுன்னா வண்டி இல்ல. அப்போ தாய் உடனே கீழ ஊர் வண்டியைக் கூப்பிடணும்."

"பிள்ளை செத்தது தாய்க்கு எப்படித் தெரியும்?"

"ஆப்பரேட்டிங் சிஸ்டம் சிக்னல் அனுப்பும். தோள்ல ஒரு தட்டு, அவ்வளவுதான். உன் பிள்ளை முடிஞ்சுது, போய்க் கேளுன்னு அர்த்தம்."

"எந்தப் பிள்ளைன்னு அந்தத் தட்டு சொல்லுமா?"

"சொல்லாது."

"எத்தனை பிள்ளைன்னு?"

"அங்கதான் டீச்சர், என்னை ஏமாத்திடுச்சு!"

தொடையில் தட்டிக்கொண்டார். முறத்திலிருந்து ஒரு மொச்சை உருண்டு ஓடியது. டீச்சர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு மழை. பத்தரை மணி வாக்குல மூணு கால் ஒண்ணா வந்துச்சு. எங்க ஆபீசுக்கு ஒரு நாளைக்குப் பத்து கால் வந்தாலே அதிகம். மூணு பிள்ளை பிறந்துச்சு. டவர் போயிடுச்சு. மூணும் வண்டிக்கு லைன் கிடைக்காமக் காத்துக்கிட்டு இருந்துச்சு. பத்தே முக்காலுக்கு டவர் வந்ததும் மூணும் ஒரே மூச்சுல முடிஞ்சுது. முதல் பிள்ளைக்கு வண்டி கிடைச்சுது. ரெண்டாவதுக்கும் கிடைச்சுது. எங்ககிட்ட இருக்கிறதே ரெண்டு வண்டி. மூணாவது, ஒண்ணுன்னு நம்பரை வெச்சுட்டுச் செத்துடுச்சு."

"தாய்க்கு எத்தனை தட்டு?"

"ரெண்டு! முதல் தட்டுக்கு முதல் பிள்ளையைக் கேட்டுது. அது கேட்டுக்கிட்டு இருக்கும்போதே மத்த ரெண்டும் செத்துடுச்சு. ரெண்டு தட்டு வரணுமா இல்லையா? ஒரே தட்டா வந்துது. தாய் ரெண்டாவது பிள்ளையை மட்டும் கேட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு உட்கார்ந்துடுச்சு."

"மூணாவது?"

"நின்னுது."

"எவ்வளவு நேரம்?"

"பதினொன்றரைக்கு வேற யாரோ கால் பண்ணாங்க. அந்தப் பிள்ளை முடிஞ்சப்ப ஒரு தட்டு வந்துது. அப்போதான் தாய் மூணாவதைக் கேட்டுது. முக்கால் மணி நேரம், டீச்சர்."

சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. உடனே பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டார், அதைப் பிடித்துக்கொண்டால் குரல் திரும்பி வரும் என்பதுபோல.

"மூணு சாவு, ரெண்டு தட்டு. ஒரு சிக்னலைத் தொலைச்சுது சிஸ்டம்தானே? நானா?"

டீச்சர் அடுத்த மொச்சைக்காயை எடுத்தார்.

"அதோட விட்டுதா? இப்பவும் பட்டியல்ல செத்த பிள்ளை ஒண்ணு நின்னுக்கிட்டே இருக்கு. ஒண்ணைக் கேட்டா அடுத்தது மிச்சம் நிக்குது. ஒன்பதாம் நம்பர் சிக்னல் அடிச்சேன். எப்பேர்ப்பட்ட புரோகிராமையும் சாய்ச்சுடும். முப்பது தடவை அடிச்சேன் டீச்சர், அசையவே இல்ல!"

"செத்ததை எப்படிண்ணே கொல்லுவீங்க?"

தணிகாசலம் கையிலிருந்த பேப்பரை டீச்சர் பக்கத்தில் வைத்தார்.

"அது எதுக்காக நிக்குது?" என்றார் டீச்சர்.

"தாய் வந்து கேட்கிற வரைக்கும் அது போகாது."

"என்ன கேட்கணும்?"

"உனக்கு என்ன ஆச்சுன்னு கேட்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஜன்னலுக்கு வெளியே தூறல் பிடித்திருந்தது. டீச்சர் கடைசி மொச்சைக்காயை உரித்துத் தோலைத் தனியே போட்டார்.

"அண்ணே, ரெண்டாவது வருஷம் ஒரு வரி எழுதச் சொன்னேனே. ‘தட்டு ஒண்ணு வந்தாலும் ஒருத்தரோட நிறுத்தாதே. மிச்சம் யாரும் இல்லைன்னு ஆகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இரு.’ ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"இப்போ புரோகிராம்ல இருக்கா?"

"மழை வலுக்கும்போல இருக்கு, டீச்சர்."

நல்ல பதில். இந்தப் பதிலைச் சொல்லித்தான் நாமெல்லாம் பாதி ஆயுளைத் தள்ளியிருக்கிறோம்.

டீச்சர் விடவில்லை, பிடிக்கவும் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கீழே வாசல்ல வேற யாருண்ணே நின்னாங்க?"

"எப்போ?"

"கேன் வாங்கப் போனீங்களே, அப்போ."

"கேன்காரர் மட்டும்தான்."

"பார்த்தீங்களா?"

"பார்க்கிறதுக்கு என்ன இருக்கு டீச்சர்? பெல் ஒரு தடவைதானே அடிச்..."

அந்தச் சொல் அங்கேயே நின்றது.

தணிகாசலம் எழுந்தார். பதினாறு படியும் அவர் அவ்வளவு வேகமாக இறங்கி யாரும் பார்த்ததில்லை.

கதவைத் திறந்தார். ஓட்டுச் சரிவின் கீழே, சுவரோடு ஒட்டி ஒருவர் நின்றிருந்தார். கையில் குடை. ஒரு பக்கச் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"அரை மணி இருக்கும்."

"பெல் அடிக்கலாமே!"

"கேன்காரர் அடிச்சாரு. அதான் அடிச்சாச்சே, ஒரு வீட்டுல எத்தனை தடவை அடிக்கிறதுன்னு விட்டுட்டேன். நீங்க கேனை வாங்கிட்டுக் கதவைச் சாத்திட்டீங்க. திரும்ப வருவீங்கன்னு நினைச்சேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். தணிகாசலத்துக்குக் கோபம் தேவலை என்று இருந்தது.

"யாரைப் பார்க்கணும்?"

"டீச்சர் வரச் சொன்னாங்க. என் பொண்ணு அவங்ககிட்டதான் படிச்சா. பேரு இருதயராஜ். எஸ்டேட்டுல பதினாலாம் டிவிஷன்."

பதினாலாம் டிவிஷன் வளைவு.

தணிகாசலம் அந்த மூன்று சொல்லையும் பத்து நாளாகத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது கால். அதற்கு ஒரு நம்பர் இருந்தது, ஒரு நேரம் இருந்தது, ஓர் இடம் இருந்தது. முகம் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நினைக்காமல் பார்த்துக்கொண்டார் என்பதுதான் சரி.

"டீச்சர்!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

"வந்துட்டாராண்ணே?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "கேளுங்க."

டீச்சர் இறங்கி வரவில்லை. அடுப்பில் பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஓடிவிடலாம் என்றுதான் தணிகாசலத்துக்கு முதலில் தோன்றியது. இதை அவரே பிறகு சொன்னார். செருப்பு மேலே இருந்தது, அதனால் ஓடவில்லையாம். அப்படியே இருக்கட்டும்.

கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

"உள்ள வாங்க. நனையாதீங்க."

இருதயராஜ் நிலைப்படிக்கு உள்ளே வந்து நின்றார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று தணிகாசலம் கேட்டார்.

இருதயராஜ் அவரை உற்றுப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ் ஆபீசுக்கு நாலு தடவை போனேங்க. ஃபாரம் கொடுத்தாங்க. தேதி கொடுத்தாங்க. வியாழக்கிழமை ரிப்போர்ட் வரும்னாங்க. இதை யாரும் கேட்கல."

"கேட்கிறேன். சொல்லுங்க."

"என் வீட்டுக்காரி பிலோமி. அவளுக்கு வீசிங் உண்டு. அன்னைக்குக் காலையில மூச்சு ஏறிடுச்சு. அந்த ஆபீசுக்குப் போன் பண்ணேன். உடனே மெசேஜ் வந்துது. உதவி கிளம்புது, ரோட்டுக்கு வந்து காத்திருங்கன்னு. பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சு நாலு பேர் தூக்கிட்டு வளைவுக்கு வந்தோம். தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்."

"வேற?"

"நல்லாத்தாங்க பேசினா. அடுப்பை அணைச்சீங்களான்னு கேட்டா. அணைச்சுட்டேன்னு சொன்னேன். அணைக்கல. சோறு தீஞ்சுபோச்சு."

"வேற?"

"பதினொன்றரை தாண்டி எங்கிட்டப் பேசறதை நிறுத்திட்டா. கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா. வண்டி பன்னிரண்டேகாலுக்கு வந்துது. டிரைவர் நல்ல பையன். அழுதுட்டான்."

இருதயராஜ் குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். தணிகாசலத்துக்கும் தோன்றியது. அவர் எழுந்திருக்கக்கூடப் பார்த்தார்.

எழுந்திருக்கவில்லை.

"வேற?"

"இன்னும் என்னங்க இருக்கு?"

"தெரியல. இருந்தா சொல்லுங்க."

மழை சத்தம் கூடியது. இருதயராஜ் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பதினொரு மணிக்கு ஒரு ஜீப் வந்துது. கேரட் மூட்டை ஏத்திக்கிட்டுக் கீழே போற ஜீப்."

"நிக்கலையா?"

"நிக்கலன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். தூக்கிட்டு வந்தவங்க கொஞ்சம் தள்ளி மரத்தடியில நின்னாங்க, அவங்களுக்கும் தெரியாது. என் பொண்ணுகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

தணிகாசலம் படியில் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நின்னாங்க. ரெண்டு மூட்டையை இறக்கிப் போட்டுட்டு, ஏத்துங்கண்ணேன்னு சொன்னான். பிலோமி எழுந்திருக்கப் பார்த்தா."

"ம்."

"நான்தான் போகச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வருதுப்பா, மெசேஜ் வந்திருக்கு, அதுல ஆக்சிஜன் இருக்கும், ஜீப்புன்னா குலுக்கும்னு சொன்னேன். அவன் மூட்டையை எடுத்து வெச்சுக்கிட்டுப் போயிட்டான். நான்தாங்க போகச் சொன்னேன்."

அழுதார். சத்தமில்லாமல் இல்லை, வாய்விட்டே அழுதார். தணிகாசலம் ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள். பக்கத்தில் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். இருதயராஜ் வந்து அதே படியில் உட்கார்ந்தார்.

அழுகை ஓய்ந்ததும் தணிகாசலம் கேட்டார்.

"வேற?"

"இல்லைங்க. இனிமே ஒண்ணும் இல்ல."

இருதயராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். பத்து நாளில் முதல்முறையாக அவர் தோள் இறங்கியதாகத் தணிகாசலம் பிறகு சொன்னார். பத்து நாளும் கூட இருந்து பார்த்ததுபோல! ஆனாலும் நான் நம்புகிறேன்.

ரிப்போர்ட் தணிகாசலத்தின் சட்டைப் பையில் இல்லை. மேலே டீச்சரிடம் இருந்தது. கையெழுத்து ஆகியிருக்காது என்று இப்போது அவருக்குத் தெரியும்.

"நான் யாருன்னு நீங்க கேட்கவே இல்லையே," என்றார்.

"டீச்சர் வீட்டு ஆளுன்னு நினைச்சேன்."

"இல்லைங்க. அந்த ஆம்புலன்ஸ் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பார்க்கிறது நான்தான். உங்களுக்கு வண்டி இல்லைங்கிறது மிஷினுக்குள்ள பத்தே முக்காலுக்கே வந்துடுச்சு. கேட்க வேண்டியது கேட்கல. அதைக் கேட்க வைக்கிற புரோகிராமை எழுதினதும் நான்தான். மிஷின் மேல பழியைப் போட்டு ரிப்போர்ட் எழுதினதும் நான்தான்."

இருதயராஜ் படியிலிருந்து எழுந்திருக்கவில்லை, தள்ளி உட்காரவும் இல்லை. மேலே டீ கொதிக்கிற வாசனை வந்தது.

ஒரு அடி விழும் என்றுதான் தணிகாசலம் எதிர்பார்த்தார். விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

"வேற?" என்று இருதயராஜ் கேட்டார்.

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாரையும் கேள்னு ஒரு வரி அதுல இருந்துச்சுங்க. டீச்சர் சொல்லிக் கொடுத்த வரி. ஒரு தட்டுக்கு ஒருத்தரைக் கேட்டா போதுமே, சும்மா எதுக்குத் திரும்பத் திரும்பக் கேட்கணும்னு..."

"ம்."

"நான்தான் எடுத்தேன்."